வெளியேறியோர் ஆதனம்: காப்பாளர் உரிமையாளரான வரலாறு

1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் இந்தியத் துணைக்கண்டம் இந்தியா, பாகிஸ்தான் என இரு நாடுகளாகப் பிரிந்தபோது சுமார் ஒன்றரைக் கோடி மக்கள் தமது பிறந்த இடங்களைவிட்டுப் பெயர்ந்தனர். மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் இந்துக்களும் சீக்கியர்களும் இந்தியாவுக்கு வந்தனர். கிழக்குப் பஞ்சாப், டில்லி, ஐக்கிய மாகாணம் முதலிய இடங்களிலிருந்து முஸ்லிம்கள் பாகிஸ்தானுக்குச் சென்றனர். உயிரைக் காத்துக்கொள்ள ஓடியவர்களுள் பலர், கலவரம் தணிந்ததும் வீடு திரும்பலாம் என்ற நம்பிக்கையுடனேயே கதவைப் பூட்டிச் சென்றனர். அவ்வாறு பூட்டப்பட்ட வீடுகளும், விதைத்த வயல்களும், கடைகளும் ஆலைகளும் சட்டத்தின் முன் யாருக்குரியவை என்ற வினாவுக்கு இரு நாடுகளும் கண்ட விடையே 'வெளியேறியோர் ஆதனம்' என்ற சட்டப் பிரிவாகும்.

இச்சட்டத்தின் தொடக்க நோக்கம், இல்லாதவரின் சொத்தை அவர் திரும்பும்வரை பாதுகாப்பதே. எனினும் ஏழு ஆண்டுகளுக்குள் அந்நோக்கம் தலைகீழாக மாறியது. சொத்தைக் காக்க நியமிக்கப்பட்டவரின் கையிலிருந்து அது அரசுக்கு முழுமையாகச் சென்றது. சொத்துரிமையை அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக ஏற்ற இந்திய அரசியலமைப்பே இதற்கு வழிவிட்டது. இடம்பெயர்வையும் காணி இழப்பையும் அனுபவத்தில் அறிந்த நம் மக்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று.

காப்பாளரின் தோற்றம்

பஞ்சாபில் இரத்தக்களரி நிகழ்ந்துகொண்டிருந்த வேளையிலேயே, 1947 செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், சொத்துகள் சட்டவிரோதமாகக் கைப்பற்றப்படுவதை அங்கீகரிப்பதில்லை என இந்திய, பாகிஸ்தான் அரசாங்கங்கள் கூட்டாக அறிவித்தன. அகதிகளின் ஆதனங்களைப் பராமரிக்கக் காப்பாளர் என்னும் அதிகாரி இரு பக்கமும் நியமிக்கப்பட்டார். ஆங்கிலத்தில் அவருக்கு வழங்கப்பட்ட 'கஸ்டோடியன்' என்ற பதவிப்பெயர், வட இந்திய முஸ்லிம் குடும்பங்களின் அன்றாடப் பேச்சில் அச்சத்தைக் குறிக்கும் சொல்லாகவே பின்னர் நிலைத்துவிட்டது.

அரசாங்கங்கள் அறிக்கை விடுத்தபோதும் களநிலை வேறாக இருந்தது. எல்லை கடந்து வந்த அகதிகளுக்குத் தலைசாய்க்க இடம் தேவைப்பட்டது. காலியாகக் கிடந்த வீடுகள் உடனே நிரம்பின. நிலத்தின் கணக்கு இதனிலும் கடினமானது. மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுவந்த நிலம் சுமார் 67 இலட்சம் ஏக்கர். கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்கள் விட்டுச்சென்றதோ சுமார் 47 இலட்சம் ஏக்கர் மாத்திரமே. வந்தவர்களின் இழப்பை, சென்றவர்களின் நிலத்தால் ஈடுசெய்ய முடியாதிருந்தது.

இப்பற்றாக்குறையைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு, கிழக்குப் பஞ்சாபின் புனர்வாழ்வுப் பணிகளை நெறிப்படுத்திய தர்லோக் சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலத்தின் விளைதிறனைக் கருத்திற்கொண்டு 'நியம ஏக்கர்' என்னும் அளவை வகுக்கப்பட்டது. உரித்துக் கோரியவரின் நில அளவுக்கேற்பப் படிமுறையான குறைப்பும் விதிக்கப்பட்டது. முதற் பத்து ஏக்கருக்கு 25 சதவீதம் குறைக்கப்பட்டது. 500 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதிக்குக் குறைப்பு 95 சதவீதமாயிற்று. 1949ஆம் ஆண்டின் இறுதியளவில் சுமார் இரண்டரை இலட்சம் பங்கீடுகள் செய்யப்பட்டிருந்தன. அகதிகளைக் குடியமர்த்தும் நோக்கில் இது பெரும் நிருவாகச் சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பங்கிடப்பட்ட ஒவ்வொரு ஏக்கரும், சென்றவர் திரும்பிவந்து உரிமை கோருவதற்கான வாய்ப்பைக் குறைத்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

1950ஆம் ஆண்டுச் சட்டம்

மாகாணந்தோறும் வெவ்வேறாக இருந்த கட்டளைச் சட்டங்கள் 1949இல் மத்திய அரசின் கட்டளைச் சட்டத்தினால் ஒருமுகப்படுத்தப்பட்டன. அதன் இடத்தில் 1950 ஏப்ரலில் பாராளுமன்றம் நிறைவேற்றியதே 'வெளியேறியோர் ஆதன நிருவாகச் சட்டம்' ஆகும்.

1947 மார்ச் 1ஆம் திகதியிலோ அதன் பின்னரோ, பிரிவினை காரணமாகவோ கலவரம் காரணமாகவோ, அல்லது கலவரம் நிகழலாம் என்ற அச்சத்தினாலோ இந்தியாவுக்கு வெளியே சென்றவர் 'வெளியேறியவர்' எனப்பட்டார். பாகிஸ்தானில் வசித்துக்கொண்டு இந்தியாவிலுள்ள தமது சொத்தை நேரில் பராமரிக்க இயலாதவரும் இவ்வரைவிலக்கணத்துள் அடங்கினார். அச்சத்தினால் ஓடியவரும் விருப்பத்துடன் குடிபெயர்ந்தவரும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாயினர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

காப்பாளர் அறிவித்தல் வழங்கி, விசாரணை நடத்தி, ஒரு சொத்தை வெளியேறியோர் ஆதனம் எனப் பிரகடனப்படுத்தினால் அது அவரிடம் உரித்தாகும். 1947 ஓகஸ்ட் 14ஆம் திகதிக்குப் பின் செய்யப்பட்ட விற்பனையும் கைமாற்றமும் காப்பாளர் உறுதிப்படுத்தினாலன்றிச் செல்லுபடியாகா. ஒரு சொத்து வெளியேறியோர் ஆதனமா, அன்றா என்ற வினாவை விசாரிக்கும் நியாயாதிக்கம் குடியியல் நீதிமன்றங்களிடமிருந்து அகற்றப்பட்டது. மேன்முறையீடும் மீளாய்வும் காப்பாளர் திணைக்களத்துக்குள்ளேயே, காப்பாளர் நாயகம்வரை, நடைபெற வேண்டியிருந்தது. சொத்தை எடுப்பவரும், எடுத்தது சரியா எனத் தீர்ப்பவரும் ஒரே அமைப்பைச் சேர்ந்தவர்களாயினர்.

மதப் பணிகளுக்கும் அறப்பணிகளுக்குமான பொது நம்பிக்கைச் சொத்துகளுக்கு மாத்திரம் ஒரு விலக்கு இருந்தது. புதிய பொறுப்பாளர்கள் நியமிக்கப்படும்வரையே அவை காப்பாளரிடம் இருக்கலாம் எனச் சட்டம் கூறியது. சொத்தை மீளளிக்கும் ஏற்பாடும் ஏட்டில் இருந்தது. ஆனால், மத்திய அரசின் சான்றிதழைப் பெற்றவரே விண்ணப்பிக்கலாம் என்ற நிபந்தனையால் அது உரிமையாக அன்றி அரசின் சலுகையாகவே அமைந்தது.

அரசியலமைப்பு வகுத்த விலக்கு

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, சொத்துரிமையை இரு இடங்களில் உறுதிப்படுத்தியது. சொத்தைப் பெறவும் வைத்திருக்கவும் கைமாற்றவும் பிரசைகளுக்கு உரிமை உண்டு என்றது 19(1)(ஊ) உறுப்புரை. சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தும் பறிக்கப்படலாகாது எனவும், பொதுத் தேவைக்காக எடுக்கப்படும் சொத்துக்கு இழப்பீடு வேண்டும் எனவும் கூறியது 31ஆம் உறுப்புரை. முன்னையது பிரசைகளுக்கு மட்டும் உரியது. பின்னையது பிரசையல்லாதவரையும் காத்தது.

வெளியேறியவர் இவ்விரு பாதுகாப்புகளையும் இழந்தார். 1947 மார்ச் 1இன் பின் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தவர் இந்தியப் பிரசையாகக் கருதப்படார் என்றது 7ஆம் உறுப்புரை. மீளக்குடியமர அல்லது நிரந்தரமாகத் திரும்ப அனுமதிப்பத்திரம் பெற்று வந்தவர்களுக்கே அதில் விலக்கு இருந்தது. அத்தகைய அனுமதிமுறை 1948 ஜூலையில் தொடங்கப்பட்டிருந்தது. பிரசாவுரிமை போனதும் 19ஆம் உறுப்புரையின் துணையும் போயிற்று. எஞ்சிய 31ஆம் உறுப்புரையின் ஐந்தாம் பந்தியிலோ, சட்டத்தினால் வெளியேறியோர் ஆதனம் எனப் பிரகடனப்படுத்தப்பட்ட சொத்துகள் பற்றிய சட்டங்களை இழப்பீட்டு விதி பாதிக்காது என வெளிப்படையாகவே எழுதப்பட்டிருந்தது. வேற்று நாட்டுடனான உடன்படிக்கையின்படி இயற்றப்பட்டாலும், 'வேறு விதமாக' இயற்றப்பட்டாலும் இவ்விலக்கு பொருந்தும் என்ற சொற்கள் அதனை மேலும் விரிவாக்கின. இச்சொத்துகள் தொடர்பாகச் சட்டமியற்றும் அதிகாரம் ஒருங்கியைந்த நிரலின் 41ஆம் விடயமாகச் சேர்க்கப்பட்டது.

ஆகவே, நீதிமன்றம் சென்று இழப்பீடு கோரக்கூடிய வழியை அரசியலமைப்பு வரைவாளர்கள் முன்கூட்டியே அடைத்திருந்தனர். பிரிவினையின் நெருக்கடியில், மறுபக்கத்திலிருந்து வெறுங்கையுடன் வந்தோரின் பாரத்தைச் சுமந்த ஓர் அரசு அவ்வாறு செய்ததற்கு நியாயம் கற்பிக்க முடியும். ஆனால் அவ்விலக்கு, எல்லை கடந்து சென்றவர்களுடன் நின்றுவிடவில்லை.

போகாதவரும் சிக்கிய வலை

1949ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் 'வெளியேறும் எண்ணங்கொண்டவர்' என்ற புதிய வகுப்பை உருவாக்கியது. இந்தியாவிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவர் பாகிஸ்தானுக்குப் பணமோ சொத்தோ அனுப்பியிருந்தாலோ, அங்கு குடியேறும் நோக்கம் அவரது நடத்தையால் புலப்பட்டாலோ அவரை இவ்வகுப்பில் சேர்க்கலாம். பாகிஸ்தானிலுள்ள பிள்ளைக்கோ உறவினருக்கோ பணம் அனுப்புதல் இயல்பான குடும்பக் கடமை. அதுவே சந்தேகத்துக்கான சான்றாகவும் ஆகக்கூடியதாயிற்று. அவர் தமது சொத்தை விற்கவும் ஈடுவைக்கவும் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. எண்ணத்தைக் குற்றமாக்கிய இவ்வேற்பாடு பலத்த கண்டனத்துக்குள்ளாகி, 1953ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீக்கப்பட்டது.

குடும்பச் சொத்துகளில் நேர்ந்த சிக்கல் இதனினும் பரவலானது. இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி தந்தை இறந்ததும் மனைவி, மக்கள் ஆகிய ஒவ்வொருவருக்கும் வரையறுத்த பங்கு உரித்தாகிறது. ஆனால் வீடோ நிலமோ பெரும்பாலும் பிரிக்கப்படாமலே அனுபவிக்கப்பட்டு வரும். நான்கு சகோதரருள் ஒருவர் கராச்சிக்குச் சென்றால், அவரது பங்கு காப்பாளருக்கு உரித்தாகும். எஞ்சிய மூவரும் தமது சொந்த வீட்டில் அரசுடன் கூட்டுரிமையாளர்களாக வாழ வேண்டியதாயிற்று. 1951இல் இயற்றப்பட்ட 'வெளியேறியோர் பங்கு வேறாக்கற் சட்டம்' இச்சிக்கலைத் தீர்க்க முயன்றது. சொத்தைப் பிரித்தல், விற்றுப் பணத்தைப் பகிர்தல் போன்ற வழிகளை அது வகுத்தது. பிரிக்க முடியாத வீடு விற்கப்பட்டபோது, நாட்டைவிட்டுப் போகாதவரும் வீட்டைவிட்டுப் போகவேண்டிய நிலை ஏற்பட்டது.

எம்.எஸ். சத்யு 1973இல் இயக்கிய 'கரம் ஹவா' திரைப்படம் இந்நிலையையே கருவாகக் கொண்டது. ஆக்ராவில் பாதணி செய்விக்கும் சலீம் மிர்சாவின் குடும்ப வீடு அண்ணன் பெயரில் இருக்கிறது. அண்ணன் பாகிஸ்தானுக்குச் செல்ல, வீடு வெளியேறியோர் ஆதனமாகிறது. இந்தியாவிலேயே வாழ உறுதிகொண்ட தம்பி தன் முதிய தாயுடன் வாடகை வீடு தேடி அலைகிறார்.

நீதிமன்றம் சில சந்தர்ப்பங்களில் எல்லை வகுத்தது. பம்பாயில் சொத்துகளை உடையவராயிருந்த ஒருவரைப் பற்றித் தகவல் கொடுத்த மூன்றாம் ஆள், அவர் வெளியேறியவர் அல்லர் என முதலில் அளிக்கப்பட்ட முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்தார். அம்மேன்முறையீடு முடிவுறுமுன் 1950 மே மாதம் சொத்துக்காரர் இறந்தார். அவருடைய மகன் தொடர்ந்த இப்ராஹிம் அபூபக்கர் வழக்கில், இறந்த ஒருவரை வெளியேறியவர் எனப் பிரகடனப்படுத்த முடியாது எனவும், மரணத்துடன் சொத்து வாரிசுகளைச் சேர்ந்துவிட்டது எனவும் 1953இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்குள் வந்ததாகச் சந்தேகிக்கப்படும் பிரசையை நாடுகடத்த இடமளித்த சட்டப் பிரிவு செல்லாது என 1954இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

காப்பிலிருந்து கையகப்படுத்தலுக்கு

இதனிடையே சொத்துகளை மதிப்பிட்டுப் பரிமாறிக்கொள்ள இரு நாடுகளும் பேச்சுவார்த்தை நடத்தின. 1949 ஜனவரியில் கராச்சியில் எட்டப்பட்ட உடன்பாடு, நகர்ப்புறச் சொத்துகளை உரிமையாளரே விற்கவோ மாற்றிக்கொள்ளவோ இடமளித்தது. விவசாய நிலங்கள் பற்றி இணக்கம் ஏற்படவில்லை. ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிய நிலையில் அவ்வுடன்பாடும் சில மாதங்களில் செயலிழந்தது.

இறுதியில் இந்தியா 1954இல் 'இடம்பெயர்ந்தோர் (இழப்பீடு, புனர்வாழ்வு) சட்டத்தை' இயற்றியது. அவ்வாண்டு மே 7ஆம் திகதிக்குப் பின் புதிதாக எச்சொத்தையும் வெளியேறியோர் ஆதனமாகப் பிரகடனப்படுத்துவதில்லை எனப் பழைய சட்டமும் திருத்தப்பட்டது. எஞ்சியிருந்த முஸ்லிம் பிரசைகளுக்கு இது ஆறுதலளித்தது. ஆனால் ஏற்கெனவே எடுக்கப்பட்ட சொத்துகளின் கதி அத்துடன் முடிந்தது. அரசு வர்த்தமானியில் அறிவித்ததும் அச்சொத்தில் வெளியேறியவருக்கிருந்த உரிமை முற்றாக அற்று, அது மத்திய அரசுக்கு முழுமையாக உரித்தாகும் என 12ஆம் பிரிவு கூறியது. அச்சொத்துகள் அகதிகளுக்கான இழப்பீட்டுத் திரட்டில் சேர்க்கப்பட்டன. சொத்தை இழந்தவருக்கும் இழப்பீடு உண்டு என 13ஆம் பிரிவு கூறியபோதிலும், இந்திய, பாகிஸ்தான் அரசாங்கங்கள் தமக்குள் இணங்கும் கொள்கைகளின்படியே அது வழங்கப்படும் என்றது. அத்தகைய இணக்கம் ஏற்படவேயில்லை. தனிமனிதரின் உரிமை இரு அரசுகளின் நல்லுறவில் தங்கவைக்கப்பட்டபோது அவ்வுரிமை பொருளற்றதாயிற்று. தன் பணி முடிந்துவிட்ட இச்சட்டத் தொகுதி 2005ஆம் ஆண்டு நீக்கப்பட்டது.

பாகிஸ்தானும் வங்காளமும்

எல்லைக்கு அப்பாலும் கதை ஏறத்தாழ இதுவே. பாகிஸ்தான் தன் பங்குக்கு 1957இல் வெளியேறியோர் ஆதனச் சட்டத்தையும் 1958இல் இழப்பீட்டுச் சட்டத்தையும் இயற்றி, இந்துக்களும் சீக்கியர்களும் விட்டுச்சென்றவற்றை முஹாஜிர்களுக்குப் பகிர்ந்தளித்தது. கோயில்களுக்கும் குருத்வாராக்களுக்கும் உரிய சொத்துகளை 1960இல் அமைக்கப்பட்ட வெளியேறியோர் நம்பிக்கைப் பொறுப்புச் சொத்துச் சபை நிருவகிக்கிறது.

வங்காளத்தில் மாத்திரம் வேறொரு வழி முயலப்பட்டது. இந்தியாவின் 1950ஆம் ஆண்டுச் சட்டம் மேற்கு வங்காளத்துக்கும் அசாமுக்கும் ஏற்புடையதாக்கப்படவில்லை. 1950 ஏப்ரல் 8ஆம் திகதி கைச்சாத்தான நேரு-லியாகத் ஒப்பந்தம், அவ்வாண்டு டிசெம்பர் 31ஆம் திகதிக்குள் திரும்புவோருக்கு அவர்களது அசையாச் சொத்தை மீளளிக்க வேண்டும் என்றது. திரும்பி வருதல் என்பது ஓர் உரிமையாக எழுத்தில் ஏற்கப்பட்ட இடம் இதுவே. ஆனால் 1965ஆம் ஆண்டுப் போரின்போது கிழக்குப் பாகிஸ்தானில் இந்துக்களின் நிலங்கள் 'எதிரி ஆதனம்' ஆக்கப்பட்டன. பங்களாதேஷ் பிறந்த பின்னரும் அவை 'உரித்தாக்கப்பட்ட ஆதனம்' என்ற புதுப்பெயருடன் அரசிடமே நீடித்தன. நாட்டைவிட்டு ஒருபோதும் செல்லாத குடும்பங்களும் இதனால் நிலமிழந்தன. 2001இல் மீளளிப்புச் சட்டம் வந்தது. அது செயற்படத் தொடங்க 2011ஆம் ஆண்டுத் திருத்தம்வரை காத்திருக்க நேர்ந்தது.

எதிரி என்ற புதுப்பெயர்

இந்தியாவிலும் 1965ஆம் ஆண்டுப் போர் புதிய காப்பாளரைத் தந்தது. 1968ஆம் ஆண்டு எதிரி ஆதனச் சட்டம் பாகிஸ்தான் பிரசைகளின் சொத்துகளை அவரிடம் ஒப்படைத்தது. இதன் விளைவை மஹ்மூதாபாத் ராஜாவின் வழக்கு தெளிவாக்குகிறது. லக்னோ, சீதாபூர், நைனிதால் ஆகிய இடங்களில் சொத்துகளைக் கொண்டிருந்த தந்தை 1957இல் பாகிஸ்தான் பிரசாவுரிமை பெற்று, 1973இல் இலண்டனில் காலமானார். மகன் இந்தியாவிலேயே இந்தியப் பிரசையாக வாழ்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடிய அவருக்கு, இந்தியப் பிரசையான வாரிசை எதிரியாகக் கருத முடியாது எனக்கூறிச் சொத்துகளை மீளளிக்குமாறு 2005 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், வாரிசு இந்தியப் பிரசையாயினும் அவர் 'எதிரி' என்ற சொல்லுள் அடங்குவார் எனப் பின்னோக்கிய வலுவுடன் விதித்தது. வாரிசுரிமைச் சட்டம் இச்சொத்துகளுக்குப் பொருந்தாது எனவும், குடியியல் நீதிமன்றங்களுக்கு நியாயாதிக்கம் இல்லை எனவும் கூறியது. பாகிஸ்தான் சென்றோர் விட்டவை எனக் கணக்கிடப்பட்ட 9,280 சொத்துகள் இச்சட்டத்தின்கீழ் வந்தன. வழக்காடிய ராஜா 2023இல் காலமானார்.

இதற்கிடையே சொத்துரிமையின் அரசியலமைப்புத் தகுதியும் மாறிவிட்டது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அதனை அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கி, 300ஏ உறுப்புரையில் அரசியலமைப்பு உரிமையாக மாத்திரம் வைத்தது. எனினும், அறிவித்தல் பெறுதல், விளக்கமளித்தல், காரணங்கூறும் முடிவு, நியாயமான இழப்பீடு ஆகியன இவ்வுறுப்புரையுள் அடங்கும் என 2024 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

நமக்குரிய பாடம்

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சொத்துரிமை இடம்பெறவில்லை. இங்கு அரசு காப்பாளரை நியமிக்காமலே, காலம் காப்பாளரின் வேலையைச் செய்தது. பத்து ஆண்டுகள் எதிர்ப்பின்றி ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம் என்ற ஆட்சியுரிமைச் சட்டம், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும், போரினால் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த தமிழ் மக்களுக்கும் ஒருசேரப் பாதகமாயிற்று. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கருத்திற்கொண்டு, இடம்பெயர்ந்தோருக்கு எதிராக அக்காலப்பகுதி கணக்கிடப்படாதிருக்க வழிசெய்த 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், போர் முடிந்து ஏழு ஆண்டுகளின் பின்னரே வந்தது.

இந்திய அனுபவம் மூன்று எச்சரிக்கைகளைத் தருகிறது. முதலாவது, காப்பாளரின் அதிகாரத்துக்கு முடிவுத் திகதியும், உரியவரிடம் ஒப்படைக்கும் கடமையும் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். இரண்டாவது, ஒரு சொத்து யாருடையது என்பதைத் தீர்க்கும் அதிகாரம் சுதந்திரமான நீதிமன்றத்திடமிருந்து ஒருபோதும் அகற்றப்படலாகாது. மூன்றாவது, வெளியேறியவருக்குரிய சட்டம் அவரது வாரிசையும், தங்கியிருக்கும் உறவினரையும் தொடர இடமளித்தல் ஆகாது. வீட்டையும் நிலத்தையும் மீளப்பெறுவது இடம்பெயர்ந்த ஒவ்வொருவரதும் உரிமை என 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் உப ஆணைக்குழு ஏற்ற பினெய்ரோ கோட்பாடுகள் கூறுகின்றன. அவ்வுரிமை நடைமுறையாவது, ஓடியவரின் உறுதிப்பத்திரம் அவர் திரும்பும் நாளிலும் செல்லுபடியாகும் என்று அரசு உறுதியளித்து, அதனைக் காப்பாற்றுவதிலேயே தங்கியுள்ளது.